பழையதா, சற்றுப் புதியதா?

விடியற்காலை ஐந்து மணிக்கே ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்து நிற்கும். 1924இல் திறக்கப்பட்ட இப்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நெரிசல் மிகுந்த நாள்களிலோ அதைக் கடந்து முடிப்பதற்குள் பொழுது புலர்ந்துவிடும். கூலாய், மாசாய், ஸ்கூடாய் ஆகிய இடங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் பலர், பிறர் ஓட்டிய மோட்டார் சைக்கிளையே முதலில் வாங்குகின்றனர். நம் நாட்டில் 16 வயதிலேயே பி2 உரிமம் பெறலாம். ஆகவே, பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டியை மலிவாக வாங்குவதா, மூன்று ஆண்டுகளே ஓடியதைக் கூடுதல் விலைக்கு வாங்குவதா என்ற கேள்வி உங்களுக்கும் விரைவில் எழலாம்.

1980களின் இறுதியிலிருந்து நம் சாலைகளில் ஓடும் ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற பழைய கப்சாய் வண்டிகளில் கார்புரேட்டர் இருக்கும். உள்ளே பாயும் காற்று, பெட்ரோலைத் தன்னோடு இழுத்துச் செல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. அடைப்பு ஏற்பட்டால் சிற்றூர்ப் பட்டறையிலும் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். புதிய வண்டிகளில் எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதை உணரிகளும் சிறு கணினியும் முடிவு செய்கின்றன. எரிபொருள் மிச்சமாகும், புகையும் குறையும். ஆனால், பழுதைக் கண்டறியத் தனிக் கருவி வேண்டும்.

யாமாஹா ஆர்எக்ஸ்இசட், 125இசட் ஆகியவற்றின் கதை வேறு. இந்த இருவீச்சு இயந்திரங்கள் பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்தே எரிப்பவை. இப்போது இவை உற்பத்தியாவதில்லை. விரும்பிச் சேகரிப்போர் இருப்பதால் விலையும் குறைவதில்லை. அன்றாட வேலைக்கு இவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாலத்து வரிசையில் பின்னால் நிற்பவர்தாம் அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டும்!

இயந்திரத்தைவிடப் பிரேக்கையே முதலில் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. பழைய கப்சாய் பலவற்றில் முன்சக்கரத்திற்கும் டிரம் பிரேக்தான். அதன் பாகங்கள் மூடிய கூட்டுக்குள் இருப்பதால், தொடர்ந்து அழுத்தும்போது எழும் வெப்பம் எளிதில் வெளியேறாது. டிஸ்க் பிரேக் வெளியே இருப்பதால் விரைவில் குளிர்ந்துவிடும். ஏபிஎஸ் அமைப்போ, ஈரச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலை வந்தால் பிரேக்கை நொடிக்குப் பலமுறை தளர்த்தி அழுத்தும். 150 சிசியும் அதற்கு மேலும் திறன்கொண்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு இதைக் கட்டாயமாக்கும் விதி 2025இல்தான் நடப்புக்கு வந்தது. எனவே, மூன்று ஆண்டு வண்டியிலும் அது இல்லாதிருக்கலாம், கேட்டறிய வேண்டும்.

வயதை மட்டும் வைத்து வண்டியை எடை போட முடியாது. வீட்டு முன்றிலில் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் இரப்பர்க் குழாய்கள் இறுகிப்போயிருக்கும். பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்கும். இரண்டே ஆண்டுகள் நாள் முழுதும் உணவு விநியோகத்திற்கு ஓடிய வண்டியோ உள்ளுக்குள் தேய்ந்திருக்கும். தூரங்காட்டும் மீட்டரைத் திருத்திவிடலாம். கால்மிதியின் தேய்ந்த இரப்பரைப் பார்த்தால் உண்மை ஓரளவு தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

குளுவாங்கில் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோட்டத்திற்குப் போய்வருபவருக்கு நன்கு பராமரித்த பழைய இஎக்ஸ்5 போதும். நாள்தோறும் நெடுஞ்சாலையில் விரைந்து பாலத்தைக் கடப்பவர், கூடுதல் பணம் கொடுத்தாவது டிஸ்க் பிரேக் உள்ள சற்றுப் புதிய வண்டியை வாங்குவதே நல்லது. இருவருமே பணத்தைக் கொடுக்கும் முன், சட்டகத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்களைப் பதிவு ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். பின்னர், சாலைப் போக்குவரத்துத் துறையில் உரிமையாளர் பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை ஆவணத்தின்படி வண்டி விற்றவருக்கே சொந்தம்.