மூடிய உறைக்குள் ஓர் எண்

ஒரு தெருவில் இருநூறு மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் கட்ட மாநகராட்சி முடிவெடுக்கிறது. அதற்கு உண்மையில் எவ்வளவு ஆகும்? பொறியாளர் கையில் விலை விகிதப் பட்டியல் இருக்கிறது. அதை வைத்து ஒரு மதிப்பீடு போட்டுவிடலாம். ஆனால் ஜல்லி யாருக்கு எந்தக் குவாரியில் மலிவாகக் கிடைக்கும், யாரிடம் வேலையில்லாமல் ஒரு ஜேசிபி நிற்கிறது, யாருடைய கொத்தனார் குழு அடுத்த மாதம் சும்மா இருக்கப்போகிறது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் கிடையாது. அவை ஊரிலுள்ள பத்துப் பதினைந்து ஒப்பந்ததாரர்களின் மனத்துக்குள் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. கூப்பிட்டுக் கேட்டால் எவரும் உள்ளதைச் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்குத்தானே நஷ்டம்!

யாரும் சொல்ல விரும்பாத அந்தத் தகவலை, யாரையும் வற்புறுத்தாமல் வெளியே வரவைக்கிறது ஒரு மூடிய உறை. டெண்டர் என்றதும் பலருக்கும் முறைகேட்டுச் செய்திகள்தாம் நினைவுக்கு வரும். எனக்கோ அது மனிதர்கள் உருவாக்கிய மிக நுட்பமான கருவிகளில் ஒன்றாகத் தெரிகிறது.

உறை இரண்டு வேலைகளைச் செய்கிறது. உள்ளே எழுதிய விலையை மற்றவர்களிடமிருந்து மறைக்கிறது; எழுதியவரை அந்த விலையோடு கட்டிப்போடுகிறது. பக்கத்து ஆள் கேட்ட விலையைத் தெரிந்துகொண்டு நூறு ரூபாய் குறைத்துக் கேட்க முடியாது. கேட்டபின் கையை விரிக்கவும் முடியாது, டெண்டரோடு கட்டிய முன்வைப்புத் தொகை போய்விடும். தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல் வந்தன. அந்த விதிகளின்படி முன்வைப்புத் தொகை பணி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. சிறிய தொகைதான். ஆனால் விளையாட்டுக்கு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

அரக்கு முத்திரை செய்த வேலையை இன்று கணினி செய்கிறது. மின்வழி டெண்டரில் ஒப்பந்ததாரர் தன் விலையைத் தன் கணினியிலேயே மறைகுறியாக்கி அனுப்புகிறார். திறப்பதற்கென்று முன்கூட்டியே பெயர் குறித்த அதிகாரிகள், ஒருவருக்கு மேற்பட்டோர், குறித்த நேரத்தில் தங்கள் மின்சாவிகளைப் போட்டால்தான் அது திறக்கும். அதுவரை அந்த எண் வெறும் கிறுக்கல்.

சரி, உறைக்குள் என்ன எழுதினால் வேலை கிடைக்கும்?

இந்த வடிகாலை முடிக்க ஊரிலுள்ள எவருக்கும் எட்டு லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்குள் செலவாகும், அந்த வரம்புக்குள் எந்தத் தொகைக்கும் ஒரே அளவு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் செலவு 8.40 லட்சம். அதையே எழுதினால் வேலை கிடைத்தாலும் கையில் ஒன்றும் நிற்காது. 9.90 என்று எழுதினால் வேலையே கிடைக்காது. இடையில் எங்கே நிற்பது? கணிதம் தரும் விடை வியப்பானது. உங்கள் செலவுக்கும் உச்சத் தொகைக்கும் உள்ள இடைவெளி 1.60 லட்சம். அதைப் போட்டியிடுவோர் எண்ணிக்கையால், உங்களையும் சேர்த்துத்தான், வகுத்து உங்கள் செலவோடு கூட்டுங்கள். இருவர் மட்டும் போட்டி என்றால் 9.20 லட்சம். நால்வர் என்றால் 8.80. எட்டுப் பேர் என்றால் 8.60. நான்தான் எல்லோரையும்விட மலிவாகச் செய்யக்கூடியவன் என்று வைத்துக்கொண்டால் எனக்கு அடுத்தவருடைய செலவு சராசரியாக எங்கே இருக்கும் என்ற கேள்வியின் விடைதான் அது. ஆட்கள் கூடக்கூட அந்த அடுத்தவர் நெருங்கி வருகிறார், லாபம் சுருங்குகிறது.

மாநகராட்சியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் பலன் பெரிது. பேரம் பேசுவதில் கெட்டிக்காரரான ஓர் அதிகாரியைவிடக் கூடுதலாக வருகிற ஒரே ஒரு போட்டியாளர் அதிக மிச்சம் பிடித்துத் தருவார். பொருளியலாளர்கள் ஜெரமி புலோவும் பால் கிளெம்பரரும் 1996-இல் ஏலங்களைப் பற்றி நிறுவிய முடிவின் சாரம் இதுதான். இரண்டு கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தரவேண்டும் என்று நம் விதிகள் சொல்வதை வெறும் சம்பிரதாயமாக நான் நினைப்பதில்லை. யாரோ ஓர் ஊரிலிருந்து இன்னொருவர் வந்துசேர்வதற்கான நேரம் அது.

செலவு தனக்குச் சரியாகத் தெரியும் என்கிறவருக்குத்தான் மேலே சொன்ன கணக்கு. நிஜத்தில் யாருக்குத் தெரியும்? பூமிக்குள் என்ன இருக்கிறது, மழை எப்போது பிடிக்கும் என்பது எல்லோருக்கும் ஊகம்தான். அங்கேதான் பொறி இருக்கிறது.

உண்மையான செலவு எவருக்குமே பத்து லட்சம் என்று கொள்வோம். ஐந்து பேர் நேர்மையாக, திறமையாக மதிப்பிடுகிறார்கள். 8.8, 9.5, 10.1, 10.4, 11.2 லட்சம் என்று வருகிறது. கூட்டி ஐந்தால் வகுத்தால் மிகச் சரியாகப் பத்து. கூட்டமாக அவர்கள் தவறவேயில்லை. ஆனால் வேலை யாருக்குப் போகும்? ஐவரும் பத்து சதவீத லாபம் சேர்த்து எழுதினால், 8.8 என்று நினைத்தவர் 9.68 லட்சம் கேட்டு வெல்கிறார். வேலையை முடிக்கும்போது 32 ஆயிரம் ரூபாய் கைப்பணம் போயிருக்கும். உறைகள் அவருடைய திறமையைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவருடைய பிழையைத் தேர்ந்தெடுத்துவிட்டன. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்காக ஏலம் கேட்டு வென்ற நிறுவனங்கள் எதிர்பார்த்த ஆதாயத்தைக் காணாததைப் பார்த்து, கேப்பன், கிளாப், காம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய்த் துறைப் பொறியாளர்கள் 1971-இல் இதை விளக்கினார்கள். வென்றவரின் சாபம் என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆகவே அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் தன் மதிப்பீட்டை உறையில் போடும் முன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார்: இந்த விலைக்கு எனக்கே வேலை கிடைக்கிறது என்றால், மற்ற அத்தனை பேருக்கும் தெரிந்த எதை நான் கவனிக்காமல் விட்டேன்? போட்டி அதிகமானால் லாபத்தைக் குறை என்கிறது முதல் கணக்கு. போட்டி அதிகமானால் உன் மதிப்பீட்டையே சந்தேகி என்கிறது இது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. நடுவில் நின்று ஓர் எண்ணை எழுதுவதுதான் அந்தத் தொழில்.

சந்தேகத்தைக் குறைக்க ஒரே வழி இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது. கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் அறிவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். மதிப்பீட்டில் மண் தோண்டுவது 100 கன மீட்டர், பாறை உடைப்பது 10 கன மீட்டர் என்று இருக்கிறது. ஒருவர் மண்ணுக்கு 300 ரூபாய், பாறைக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். மொத்தம் 45,000. இன்னொருவர் மண்ணுக்கு 200, பாறைக்கு 2,400 கேட்கிறார். மொத்தம் 44,000. இரண்டாமவர்தான் ‘எல் ஒன்’, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர்; வேலை அவருக்கு. தோண்டியபோது மண் 60, பாறை 50 கன மீட்டர் என்று தெரிகிறது. பில் எழுதுவது அளவுப் புத்தகத்தில் பதிவான உண்மையான அளவுக்கு. முதலாமவருக்கு 93,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இப்போது 1,32,000 ரூபாய்! பாறை இருப்பது இரண்டாமவருக்கு முன்பே தெரியும், மாநகராட்சிக்குத் தெரியாது. அவரைத் திருடர் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மதிப்பீடு போட்டவர் அந்தத் தெருவில் ஒருமுறை குழி தோண்டிப் பார்த்திருந்தால் வரிப்பணம் தப்பியிருக்கும். விவரமான அலுவலகங்களில் மொத்தத் தொகையோடு நிறுத்தாமல், ஒவ்வொரு இனத்தின் விலையையும் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

இந்த ஊக விளையாட்டே வேண்டாம் என்றால் வழியுண்டா? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்ரி 1961-இல் ஒரு வழி சொன்னார். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. ஆனால் அவருக்குத் தரவேண்டியது அவர் கேட்ட விலையை அல்ல, அவருக்கு அடுத்தவர் கேட்ட விலையை. இப்படிச் செய்தால் செலவை உள்ளபடி எழுதுவதே ஒப்பந்ததாரருக்கு நல்லது. கூட்டி எழுதினால் வேலை கைநழுவலாம், பணமோ கூடாது. குறைத்து எழுதினால் நஷ்டத்துக்கு வேலை வந்து மாட்டலாம். பொய்க்கு லாபமே இல்லாத ஓர் ஏற்பாடு! 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் இறந்துபோனார். நகராட்சிகள் இந்த முறைப் பக்கம் போவது அரிது. எட்டு லட்சத்துக்குச் செய்கிறேன் என்றவருக்கு ஏன் ஒன்பது லட்சம் கொடுத்தீர்கள் என்று மன்றத்தில் எழும் கேள்விக்குக் கணிதத்தால் பதில் சொல்லிவிட முடியாது.

இத்தாலி வேறு வழியில் போனது. அடிமாட்டு விலைக்கு எடுப்பவர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போவார் என்ற பயத்தில், மிகக் குறைந்த விலையை ஒதுக்கிவிட்டு, சராசரியை ஒட்டிக் கணக்கிட்ட ஒரு விலைக்கு அருகில் கேட்டவருக்கே வேலை என்று வைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. டூரின் நகரில் நடந்தது வேறு. தனியாக ஒரு நிறுவனத்தால் சராசரியை அசைக்க முடியாது, பல நிறுவனங்கள் சேர்ந்தால் முடியும். வெல்லும் எண்ணமே இல்லாத உறைகளைப் போட்டுச் சராசரியை நகர்த்தி, தங்களில் ஒருவரைச் சரியாக அங்கே நிறுத்தின குழுக்கள். பின்னாளில் வழக்கு நீதிமன்றம் வரை போனது. டிமத்தி கான்லியும் பிரான்செஸ்கோ டெக்கரோலிஸும் அந்த டெண்டர்களை ஆராய்ந்து, ஒரு குழு போட்ட விலைகள் தற்செயலாகக் கூடிய நிறுவனங்களின் விலைகளைவிட எவ்வளவு தூரம் சராசரியை இழுக்கின்றன என்று அளந்து, கூட்டுச் சதியைக் கண்டுபிடிக்கும் முறையை 2016-இல் வெளியிட்டார்கள். உறைக்குள் இருந்த எண்களே சாட்சி சொல்லின.

2003-இல் டூரின் குறைந்த விலைக்கே வேலை என்று மாறியது. விலைகள் இறங்கின. கூடவே வேலைகள் இழுத்தடித்தன, முடிவில் செலவும் ஏறியது என்று டெக்கரோலிஸ் கண்டார். பழைய பயம் பொய்யில்லை.

நம் ஊரில் இரண்டு உறை முறை அந்தப் பயத்துக்குச் சொல்லும் பதில்தான். முதல் உறையில் விலை இருக்காது. செய்து முடித்த வேலைகளுக்கான சான்று, பதிவு வகுப்பு, வரவுசெலவு, கைவசமுள்ள இயந்திரங்கள் மட்டும் இருக்கும். புதிதாக வருகிறவர் உழைப்பைச் செலவிட வேண்டியது முதலில் அங்கேதான். சின்ன வேலைகளை ஒழுங்காக முடித்துச் சான்று வாங்கிவைப்பது, கேட்ட தாள்களில் ஒன்றும் விடுபடாமல் அடுக்குவது, ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் தேறாதவரின் இரண்டாவது உறையைத் திறக்கவே மாட்டார்கள். பல இரவுகள் கணக்குப் போட்டு அவர் எழுதிய எண் என்னவென்று அந்த அறையில் இருக்கும் எவருக்கும் தெரியாது.