32 வருஷம் தோண்டின மண்மேடு!

கோட்டை என்றால் கல் மதில், பீரங்கி என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வேல்ஸ் நாட்டு ஹென் டோமென் பற்றிப் படித்ததும் அந்த நினைப்பு போச்சு. அது வெறும் மண்மேடு, சார்! வெல்ஷ் மொழியில் அந்தப் பெயருக்கே 'பழைய மேடு' என்றுதான் அர்த்தம்.

1070-களில் ராஜர் டி மான்ட்கோமரி என்ற நார்மன் பிரபு போட்டது. பக்கத்திலேயே செவர்ன் நதி, நடந்தே கடக்கக்கூடிய ஒரு துறை. எல்லை தாண்டி வருகிறவன் அங்கேதான் கால் நனைக்கணும். அகழி தோண்டின மண்ணையே குவித்து மேடாக்கி, மேலே மரக்கோபுரம், சுற்றி மரவேலி. கொத்தனார் கூலி மிச்சம்!

அப்புறம் 1223-ல் மூன்றாம் ஹென்றி கொஞ்சம் தள்ளிக் கல் கோட்டை கட்ட ஆரம்பித்தார். பழசுக்கு மவுசு குறைந்தது. மரமெல்லாம் மக்கிப்போய், தூண் நட்ட குழிகளும் மண்ணில் கறைகளும்தான் மிச்சம்.

அந்தக் கறையைப் படிக்க ஃபிலிப் பார்க்கர் 1960-ல் சின்னக் கரண்டியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தார். வேலை நின்றது 1992-ல்! புதையலா? ம்ஹூம். ஆடம்பரம் என்று சொல்ல ஒன்றும் தேறவில்லை.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? பற்று 32 வருஷம், வரவு வெறும் குழி என்று கணக்கெழுதி 'நஷ்டம்' போடப்போனேன். பேனா நின்றுவிட்டது. உள்ளே கட்டடங்கள் எவ்வளவு நெருக்கமாக நின்றன, எத்தனை தரம் பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள் என்பதை அந்தக் குழிகள்தானே சொல்லின! பிரபு வாழ்ந்தது மாளிகை இல்லை, ஏறக்குறைய ஒண்டுக்குடித்தனம்.

அத்தனை வருஷத்தில் தோண்டினது கோட்டை முற்றத்தில் வடக்குப் பாதிதான். தெற்குப் பாதியை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.