சரக்குப் பெட்டக முனையங்களின் திறனும் நிலைபேறும்: அளவீட்டின் எல்லை

ஒரு பெட்டக முனையத்தின் திறனை, அது ஆண்டுதோறும் கையாளும் இருபதடி அலகுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகியோர் வகுத்த தரவு உறைப் பகுப்பாய்வு, கப்பலணையும் மேடையின் நீளம், பாரந்தூக்கிகள், முற்றப் பரப்பு முதலியவற்றை உள்ளீடுகளாகவும், கையாண்ட அலகுகளை வெளியீடாகவும் கொண்டு, ஒவ்வொரு முனையத்தையும் அத்தொகுதியுள் சிறந்தவற்றோடு ஒப்பிடுகிறது. இம்முறையைத் துறைமுகங்களுக்குப் பொருத்தலாம் என ரோல், ஹயுத் இருவரும் 1993இல் முன்மொழிந்தனர். நிலைபேற்றையும் அளக்க விழைவோர் கரியமில வாயுவை விரும்பத்தகாத வெளியீடாகச் சேர்ப்பர்.

எதை எண்ணுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கொழும்புத் துறைமுகம் பெரும்பாலும் கப்பல் மாற்றிச் செல்லும் சரக்கைக் கையாள்வது. அங்கு ஒரே பெட்டகம் இறங்கும்போது ஒருமுறையும் ஏறும்போது மறுமுறையும் கணக்கில் சேரும். சென்னையிலோ பெட்டகம் வாயிலைக் கடந்து நகரச் சாலைக்கு வருகிறது. முனைய எல்லையோடு கணக்கை முடித்துக்கொண்டால், வெளியே வரிசையில் நிற்கும் லாரிகளின் புகை எந்த ஏட்டிலும் ஏறாது. அதைச் சுவாசிப்பவர்கள் சாலையோரம் வாழும் மக்கள். இவ்விரு துறைமுகங்களையும் ஒரே பட்டியலில் தரவரிசைப்படுத்தும் ஆய்வை ஐயத்துடனேயே அணுகவேண்டும். லாரிகளின் காத்திருப்பு நேரத்தையும், மாற்றுச் சரக்கின் விழுக்காட்டையும் தனி மாறிகளாகச் சேர்த்த பின்னரே அத்தகைய ஒப்பீடு பொருளுடையதாகும். பாரந்தூக்கிகளை மின்மயமாக்கிய முனையங்களுக்கு, அம்மின்சாரம் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறதா என்பதும் சேரவேண்டும்.