மின்னணுச் சதுரங்கப் பலகை

மின்னணுச் சதுரங்கப் பலகை என்பது தன் மீது வைக்கப்படும் காய்களின் இருப்பையும் நகர்வையும் தானாக உணர்ந்து, அவற்றை மின்குறிகைகளாக மாற்றித் தரும் சதுரங்கப் பலகை ஆகும். சில பலகைகளில் நகர்த்தல்களைக் கணிக்கும் சதுரங்கப் பொறியும் உள்ளேயே அமைந்திருக்கும். வேறு சில, கணினி அல்லது செல்பேசியுடன் இணைந்தே இயங்கும். ஆட்டங்களை நேரலையாக இணையத்தில் காட்டுவதற்குப் போட்டிகளிலும், ஆடுவதற்கும் பயில்வதற்கும் வீடுகளிலும் இவை பயன்படுகின்றன.

வீட்டுப் பயன்பாட்டுக்கு இத்தகைய பலகையைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் அதன் ஆட்ட வலிமையையே முதலில் கேட்கின்றனர். ஆனால் ஒரு பலகையின் பயன்பாட்டைத் தீர்மானிப்பது, அது காய்களை எந்த அளவுக்கு அறிகிறது என்பதே ஆகும். ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு காய் உள்ளது என்று மட்டும் அறியும் பலகைக்கும், அங்கிருப்பது கறுப்புக் குதிரை என்று அறியும் பலகைக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

வரலாறு

காய்களின் இடத்தை மின்வழியில் அறியும் கருவி கணினிக்கு முற்பட்டது. எசுப்பானியப் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் யி கெவெடோ 1912 இல் உருவாக்கிய எந்திரம், வெள்ளை அரசனும் கோட்டையும் கொண்டு, மனிதர் ஆடும் தனிக் கறுப்பு அரசனை முற்றுகையிட்டு வென்றது. எதிராளியின் அரசன் நின்ற கட்டத்தை அது மின் தொடுப்புகளின் மூலம் அறிந்தது. விதிக்கு மாறான நகர்த்தல்களையும் சுட்டிக்காட்டியது.

வீடுகளுக்கான சதுரங்கக் கணினிகள் 1970களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவின் பிடெலிட்டி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977 இல் வெளியிட்ட செஸ் சேலஞ்சர் இவற்றுள் முன்னோடியாகும். இதன் பலகைக்கு உணரும் திறன் இல்லை. ஆடுபவர் காயை நகர்த்திய பின், அந்த நகர்த்தலை விசைகளை அழுத்தித் தனியே தெரிவிக்க வேண்டும். அடுத்து வந்த கருவிகளில் கட்டங்களின் அடியில் அழுத்த உணரிகளும், பின்னர் காந்த உணரிகளும் இடம்பெற்றன. செருமனியில் 1980 முதல் வெளிவந்த மெபிஸ்டோ வரிசையில், காந்த உணரிகள் பொருத்திய மரப் பலகைகள் புகழ்பெற்றவை. 1983 இல் மில்டன் பிராட்லி நிறுவனம், அடியில் நகரும் காந்தத்தின் துணையால் காய்களைத் தானே நகர்த்தும் பலகையை வெளியிட்டது.

1990களில் தனியாள் கணினிகள் பரவியபோது, பொறி பலகையிலிருந்து பிரிந்து கணினிக்குச் சென்றது. பலகை ஓர் உள்ளீட்டுக் கருவி ஆயிற்று. நெதர்லாந்தின் டி.ஜி.டி. நிறுவனத்தின் பலகைகள் இம்முறையில் போட்டி அரங்குகளில் நிலைபெற்றன. 2010களுக்குப் பின் செல்பேசிச் செயலிகளுடன் புளூடூத் வழி இணையும் பலகைகள் பெருகின. தானே காய் நகர்த்தும் பலகைகளும் மீண்டும் வந்தன. மும்பையில் உருவான ஸ்கொயர் ஆஃப், 2016 இல் கூட்டு நிதி திரட்டல் மூலம் அறிமுகமானது.

உணரும் முறைகள்

* அழுத்த உணரி: காயை எடுக்கும் கட்டத்தையும் வைக்கும் கட்டத்தையும் காயால் சற்று அழுத்த வேண்டும். விலை குறைவு. ஒவ்வொரு நகர்த்தலிலும் அழுத்த வேண்டியிருப்பதால் இயல்பான ஆட்டம் தடைபடும்.
* காந்த உணரி: காயின் அடியில் உள்ள காந்தம், கட்டத்தின் அடியில் உள்ள சிறு ஆளியை மூடும். கட்டம் நிரம்பியுள்ளதா, காலியா என்பதை மட்டும் இது அறியும்.
* ஒத்ததிர்வுச் சுருள்: காயின் உள்ளே கம்பிச் சுருளும் மின்தேக்கியும் இருக்கும். அரசன் முதல் காலாள் வரை ஆறு வகை, இரு நிறம் என மொத்தம் 12 வகைக் காய்களுக்கும் வெவ்வேறு அதிர்வெண் உண்டு. பலகையிலுள்ள சுருள்கள் குறிகை அனுப்பும்போது, காய் தன் அதிர்வெண்ணில் மறுமொழி தரும். காய்க்கு மின்கலம் தேவையில்லை. டி.ஜி.டி. பலகைகளில் இம்முறை கையாளப்படுகிறது.
* வானலை அடையாள வில்லை: ஒவ்வொரு காயிலும் தனி எண் கொண்ட சில்லு இருக்கும். அந்த எண்ணுக்குரிய காயை மென்பொருள் அறிந்துகொள்ளும். இத்தாலியின் செர்டாபோ பலகைகள் இவ்வகையின.

முதல் இரண்டும் இருப்பை மட்டும் அறிவன. பின்னிரண்டும் காயை இனம் காண்பன.

இருப்பறிதலும் இனங்காணலும்

இருப்பை மட்டும் அறியும் பலகை, தொடக்க நிலையிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலையும் நினைவில் வைத்தே, எந்தக் கட்டத்தில் எந்தக் காய் உள்ளது என்று கணக்கிடுகிறது. ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஒழுங்காக நடக்கும்வரை இது போதுமானது.

வெட்டும்போது இதன் வரம்பு தெரியவரும். எடுத்துக்காட்டாக, ஒரு வெள்ளைக் குதிரையால் கறுப்புக் கோட்டையையோ கறுப்புக் காலாளையோ வெட்ட முடியும் எனக் கொள்வோம். எதை வெட்டினாலும் குதிரை இருந்த கட்டம் காலியாகும். கோட்டை இருந்த கட்டமும் காலாள் இருந்த கட்டமும் நிரம்பியே இருக்கும். இறுதி நிலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆகவே வெட்டப்படும் காய் முதலில் தூக்கப்படுவதை அப்பலகை கண்டாக வேண்டும். காயை விரைவாகத் தள்ளி வெட்டினால் பிழை நேரலாம். காலாள் கடைசி வரிசையை அடையும்போதும், அது அரசியாகிறதா குதிரையாகிறதா என்பதைத் திரையிலோ விசையிலோ தெரிவிக்க வேண்டும்.

ஆட்டத்தின் நடுவில் காய்கள் சரிந்துவிட்டால், இருப்பறியும் பலகையில் அவற்றை மிகச் சரியாக அடுக்குவது ஆடுபவரின் பொறுப்பு. குதிரையும் கோட்டையும் இடம் மாறி வைக்கப்பட்டாலும் பலகை அதை உணராது. இனங்காணும் பலகை உடனே பிழையைக் காட்டும்.

இனங்காணும் பலகைக்கும் ஓர் எல்லை உண்டு. சதுரங்க நிலையைக் குறிக்கும் போர்சைத்-எட்வர்ட்ஸ் குறியீட்டில் ஆறு பகுதிகள் உள்ளன. அவை காய்களின் அமைவு, யாருடைய முறை, கோட்டை கட்டும் உரிமை, போகும்போது பிடித்தலுக்குரிய கட்டம், காலாள் நகர்த்தலும் வெட்டும் இன்றிக் கழிந்த நகர்த்தல்களின் எண்ணிக்கை, நகர்த்தல் எண் என்பனவாகும். எத்தகைய பலகையும் முதற் பகுதியை மட்டுமே நேரடியாகப் படிக்க முடியும். புத்தகத்திலுள்ள ஒரு புதிர்நிலையை அடுக்கும்போது, ஆட வேண்டியது வெள்ளையா கறுப்பா என்பதைப் பயனரே கூற வேண்டும்.

நகர்த்தலைக் காட்டும் முறை

எதிராளியின் நகர்த்தலைப் பலகை காட்டும் முறையும் கருதத்தக்கது. கட்டத்துக்கு ஒன்றாக 64 விளக்குகள் கொண்டவை, கட்டங்களின் மூலைகளில் 81 விளக்குகள் கொண்டவை, வரிசைக்கும் நிரலுக்கும் ஒன்றாகப் பலகையின் ஓரத்தில் 16 விளக்குகள் கொண்டவை எனப் பலவகை உண்டு. ஓர விளக்குகள் உள்ள பலகையில் வரிசையும் நிரலும் சந்திக்கும் கட்டத்தைக் கண்ணால் தேட வேண்டும். போட்டிகளுக்கென உருவான பலகைகள் சிலவற்றில் விளக்குகளே இல்லை. அரங்கில் இருவர் நேரில் ஆடுவதால் அங்கு அவை தேவையற்றவை. வீட்டில் தனியாக ஆடுபவர் அத்தகைய பலகையை வாங்கினால், எதிராளியின் நகர்த்தலைத் திரையில் பார்த்தே வைக்க வேண்டியிருக்கும்.

தானே நகர்த்தும் பலகையில் இத்தொல்லை இல்லை. எனினும் காய்கள் மெதுவாகவே நகரும். இயங்கும் ஒலியும் கேட்கும். குதிரை நகர்வதற்குப் பிற காய்களுக்கு இடையில் வழி வேண்டியிருப்பதால், கட்டத்தை நோக்கக் காய்கள் சிறியனவாக இருக்கும்.

ஆட்ட வலிமை

இன்று ஆட்ட வலிமை ஒரு தேர்வு அளவுகோல் அன்று. 1997 இல் டீப் புளூ கணினி உலக வாகையாளர் காரி காஸ்பரோவை 3.5 - 2.5 என வென்றது. 2009 இல் புவெனஸ் ஐரிஸ் நகரில் நடந்த மெர்கோசூர் கோப்பைப் போட்டியில், கைப்பேசியில் இயங்கிய பாக்கெட் பிரிட்ஸ் 4 பத்து ஆட்டங்களில் 9.5 புள்ளிகள் பெற்று முதலிடம் பெற்றது. எனவே செல்பேசியுடன் இணையும் எந்தப் பலகையும் வீட்டில் ஆடுபவருக்கு வேண்டியதைவிட வலிமையான எதிராளியைத் தரவல்லது.

வேண்டுவது அதன் மறுதலை, அதாவது பொறி எவ்வாறு வலிமை குறைத்து ஆடுகிறது என்பது. பல பொறிகள் கீழ்நிலையில், பத்து நகர்த்தல்களைத் தேர்ந்த ஆட்டக்காரர் போல ஆடிவிட்டுத் திடீரெனக் காரணமின்றி அரசியை இழக்கும். மனிதர் அவ்வாறு தவறுவதில்லை. டி.ஜி.டி. சென்டார் போன்ற சில பலகைகள் ஆடுபவரின் தரத்துக்கு ஏற்பத் தம் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும் வகையில் அமைந்துள்ளன.

இணைப்பும் மென்பொருளும்

பலகையின் மரமும் உணரிகளும் பல்லாண்டு உழைக்கும். அதனுடன் பேசும் மென்பொருளின் ஆயுள் அவ்வாறு உறுதியானதன்று. தொடக்ககாலப் போட்டிப் பலகைகள் தொடர்த் துறை வழியே இணைந்தன. அத்துறை இன்றைய கணினிகளில் இல்லாமையால் மாற்றி தேவைப்படுகிறது. தயாரித்த நிறுவனத்தின் செயலியுடன் மட்டுமே பேசும் பலகை, அச்செயலி கைவிடப்பட்டால் வெறும் மரப்பலகை ஆகிவிடும்.

ஆகவே திறந்த முறைகளை ஏற்கும் பலகை நீண்டகாலப் பயன் தரும். ஆட்டங்களைச் சேமிக்கும் பி.ஜி.என். வடிவம் 1993 இலும், பொறிகளுடன் தொடர்புகொள்ளும் யூ.சி.ஐ. நெறிமுறை 2000 இலும் உருவாயின. சேமித்த ஆட்டத்தைப் பி.ஜி.என். வடிவில் வெளியே எடுக்க முடியாத பலகை, பயில்பவரின் குறிப்பேட்டைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும். தன்னார்வலர்கள் எழுதிய திறமூல மென்பொருள்களும் உண்டு. சிறிய கணினியான ராஸ்பெரி பையில் இயங்கி, டி.ஜி.டி. பலகையைத் தனித்து இயங்கும் சதுரங்கக் கணினியாக மாற்றும் பிகோசெஸ் இவற்றுள் ஒன்று.

இணையத்தில் ஆடும்போது, ஆடுபவர் தன் காயையும் எதிராளியின் காயையும் தானே நகர்த்த வேண்டும். இதற்குச் செலவாகும் நேரம் அவருடைய கடிகாரத்திலேயே கழியும். எனவே விரைவாட்டங்களுக்கு இப்பலகைகள் பொருந்தா. லிசெஸ் தளம் பலகைகளுக்கென வழங்கும் இடைமுகத்தில், முன்பின் அறியாத எதிராளியைத் தேடும்போது ரேப்பிட் அல்லது அதனினும் நீண்ட நேர ஆட்டங்களே கிடைக்கும். இணைய ஆட்டத்தின்போது பொறியின் துணையைப் பெறுவது விதிமீறல் என்பதால், செயலியில் உள்ள குறிப்புதவியை நிறுத்தி வைக்க வேண்டும்.

அளவும் காய்களும்

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான பிடேயின் அளவுமுறைப்படி, போட்டிக் காய்களில் அரசனின் உயரம் ஏறத்தாழ 9.5 செ.மீ.; கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ. வீட்டுக்கான பல மின்னணுப் பலகைகள் இதனினும் சிறியவை. போட்டிகளில் பங்கேற்கும் மாணவர், போட்டியில் காணும் அளவிலேயே பயில்வது நல்லது. இடவசதி குறைந்த வீட்டில் பொழுதுபோக்காக ஆடுபவருக்குச் சிறிய பலகை போதும்.

இனங்காணும் காய்கள் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குப் பொருந்தா. ஒரு காய் தொலைந்தால் அதே வகைக் காயைத்தான் வாங்க வேண்டும். காலாள் பதவி உயர்வு பெறுவதற்காக நிறத்துக்கு ஒன்றாக மேலதிக அரசி தரப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தேவைக்கேற்ற தேர்வு

* கணினிக்கு எதிராக, திரையின்றி ஆட விரும்புவோர்: பொறி உள்ளமைந்த, விளக்குகள் கொண்ட பலகை. இருப்பறியும் வகை போதுமானது.
* இணையத்தில் தொலைவிலுள்ளோருடன் ஆடுவோர்: விளக்குகளும், தாம் ஆடும் தளத்துடன் நேரடி இணைப்பும் உள்ள பலகை.
* புதிர்கள், இறுதியாட்ட நிலைகள், பழைய ஆட்டங்கள் ஆகியவற்றைப் பயில்வோர்: இனங்காணும் பலகை. நிலைகளை அடிக்கடி கலைத்து அடுக்கும் இவர்களுக்கே கூடுதல் விலை முழுப்பயன் தரும்.
* இருவர் நேரில் ஆடும் ஆட்டத்தைப் பதிவு செய்வோர்: இனங்காணும் பலகை. விளக்குகள் தேவையில்லை.
* விதிகளைக் கற்கும் சிறுவர்: விதிமீறலைச் சுட்டும் எளிய பலகை போதும். சாதாரணப் பலகையும் உடன் ஆட ஒருவரும் இருந்தால் இதுவும் தேவையில்லை.

வாங்குமுன் சோதித்தல்

பழைய பலகையை வாங்குவோர் 64 கட்டங்களிலும் ஒரு காயை வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். பின்னர் 12 வகைக் காய்களையும் ஒரே கட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்த காயையும் பலகை அறிகிறதா என்பது முதன்மையான சோதனை. ஆட்ட வேகத்தில் எவரும் காயை நடுவில் வைப்பதில்லை. கோட்டை கட்டும்போது கோட்டையை முதலில் தொட்டால், அதைத் தனி நகர்த்தலாகப் பலகை கொள்ளக்கூடும். அரசனை முதலில் நகர்த்துவதே போட்டி விதியும் ஆகும். சுருள் வகைப் பலகையை உலோக மேசை மீது வைத்தால் உணர்திறன் பாதிக்கப்படலாம். இணைப்புச் செயலி அண்மையில் புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்பதையும், இணையத் தொடர்பின்றிப் பலகை எவற்றைச் செய்யும் என்பதையும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

குறைபாடுகள்

பலகை கையின் அசைவை மட்டுமே காண்கிறது. ஆடுபவரின் நோக்கத்தை அறிவதில்லை. ஆட்டம் முடிந்தபின் இருவரும் காய்களை நகர்த்தி ஆராய்ந்தால், அவையும் ஆட்டத்தின் பகுதியாகப் பதிவாகிவிடும். இதைத் தவிர்க்கவே போட்டிகளில் ஆட்ட முடிவில் அரசர்களை நடுக்கட்டங்களில் வைக்கும் வழக்கம் உள்ளது. இரு அரசர்களும் வெள்ளைக் கட்டங்களில் நின்றால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக் கட்டங்களில் நின்றால் கறுப்புக்கு வெற்றி, ஒன்று வெள்ளையிலும் மற்றொன்று கறுப்பிலும் நின்றால் சமநிலை எனக் கொள்ளப்படும்.

ஆட்டம் தானாகவே பதிவாவதால் கையால் குறிப்பெழுதும் பழக்கம் குறையக்கூடும். நீண்ட நேரப் போட்டிகளில் ஆட்டக்காரர் நகர்த்தல்களைத் தாமே எழுத வேண்டும் என்பதால், பயிலும் மாணவர் இப்பழக்கத்தைக் கைவிடலாகாது.

இவற்றையும் பார்க்க

* சதுரங்கம்
* கணினிச் சதுரங்கம்
* சதுரங்கக் கடிகாரம்