கும்பகோணம் எவ்வளவு தூரம்?

நம் சங்க அன்பர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு லேக் மார்க்கெட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துகள் நினைவிருக்கும். இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் பத்தரைக்கே போய் வரிசையில் நிற்போம். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்த்தபடியேதான் பேச்சு. ஊரில் அம்மா பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குத் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பார்கள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் நாற்பது ரூபாய் ஆகிவிடும்.

"பூட்டிப் பாட்டியோடு பேச எதற்குத் தாத்தா பதினொரு மணி வரை காத்திருந்தீர்கள்?" என்று பேத்தி அண்மையில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நான் பேசி முடிக்கும் வரை கல்கத்தாவுக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஒரு தடம் எனக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். நான் பேசாமல் விம்மிக்கொண்டிருந்தாலும் அதில் வேறு யாரும் பேச முடியாது. ஆகவே தூரம் கூடக் கூட மீட்டர் வேகமாக ஓடியது. பிறகு குரலே எண்ணாக மாறிற்று. தொலைபேசியில் நம் குரலை ஒரு விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிவிடுகிறார்கள். எண்ணாகிவிட்டால் அதைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஆயிரம் பேருடைய பொட்டலங்களோடு ஒரே கண்ணாடி இழையில் அனுப்பலாம். யாருக்கும் தனித் தடம் வேண்டாம். இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஹௌராவிலிருந்து சென்னை ரயில் பாதையில் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் எட்டுப் பங்கு போதும், குரல் போய்ச் சேர. கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு இன்றும் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது.

இடத்துக்கும் எண்ணுக்கும் இருந்த தொடர்பும் அறுந்துபோயிற்று. முன்பெல்லாம் தொலைபேசி எண் என்றால் ஒரு கூடம், ஒரு முக்காலி. 1995 ஜூலை 31 அன்று நம் ஊரிலிருந்துதான் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் நாட்டின் முதல் கைப்பேசி உரையாடலை நடத்தினார். அதன் பிறகு எண் ஆளோடு நடக்க ஆரம்பித்தது. "எங்கே இருக்கிறாய்?" என்பதே முதல் கேள்வியாகிவிட்டது.

நேரத்தின் கதை இன்னும் பழையது. 1906-இல் இந்திய நேரம் வந்த பிறகும் 1948 வரை கல்கத்தா 24 நிமிடம் முன்னால் ஓடும் தன் சொந்த நேரத்தை விடவில்லை. (வங்காளிகளின் பிடிவாதம் நமக்குத் தெரியாததா!) இன்று எல்லார் கையிலும் ஒரே கடிகாரம். ஆனாலும் அந்த ஒரே நேரம் உண்மையில் ஒன்றுதானா என்ற ஐயம் எனக்கு 2021-இல் வந்தது.

அதற்கு முன் 1987-ஐச் சொல்ல வேண்டும். அப்பா காலமான செய்தி தந்தியில் வந்தது. மூத்த மகன் நான். ரயிலில் சென்னை, அங்கிருந்து பேருந்து என்று இரண்டாம் நாள் நள்ளிரவில் வீடு சேர்ந்தேன். எனக்காகக் காத்திருக்க முடியாமல் தம்பி கொள்ளி வைத்திருந்தான். ஆனால் அந்த ரயில் பயணம் முழுதும் நான் அப்பாவோடுதான் இருந்தேன். எதிர் இருக்கைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் விஜயவாடாவில் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தார்.

2021 மே மாதம், ஊரடங்கு நாட்களில், அம்மா போனார்கள். செய்தி அடுத்த நிமிடமே வந்தது, போகத்தான் வழியில்லை. பல ஊர்களில் இருந்த உறவினருக்காகத் தம்பி மகன் சுடுகாட்டிலிருந்து நேரடி ஒளிபரப்புச் செய்தான். சுடுகாட்டு வாசலை ஒருநாளும் மிதிக்காத என் மனைவியும் பார்த்தாள். நான் கைப்பேசியில் அத்தை மகனோடு தொடர்பில் இருந்தேன். "வச்சாச்சு அண்ணா" என்றான். திரையில் தம்பி இன்னும் குடத்தோடு கடைசிச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தான்.

இதன் காரணத்தைப் பிறகு மகன் விளக்கினான். உரையாடலில் தாமதம் கூடாது. ஆகவே பொட்டலம் ஒன்றிரண்டு தொலைந்தாலும் பரவாயில்லை என்று உடனுக்குடன் குரலைத் தருகிறார்கள். ஒளிபரப்பில் படம் தடைபடக் கூடாது. ஆகவே காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, சில துண்டுகள் சேர்ந்த பிறகே திரையில் ஓடவிடுகிறார்கள். நேரடி என்று எழுதியிருந்தாலும் அரை நிமிடம் பழையதாக இருக்கக்கூடும்.

அந்த அரை நிமிடம் நான் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் குடம் உடைந்து, தம்பி திரும்பிப் பாராமல் கொள்ளி வைத்ததும்தான் அவள் அழுதாள். குளித்துவிட்டு வந்தபோது மணி பதினொன்றரை. அதே மடிக்கணினியில் மகனுக்கு அலுவலகக் கூட்டம் தொடங்கியிருந்தது.