மண்ணுக்குள் ஒரு நாடு – 9: மாடு ஏறாத மலை

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், இன்ஸ்ப்ரூக் நகருக்குத் தென்மேற்கே ஸ்டூபாய் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில், காசர்ஷ்டாட் ஆல்ம் என்றொரு மேய்ச்சல் நிலம். இன்றும் புல் அறுக்கும் துண்டு, மாடு மேயும் துண்டு, பல ஆண்டுகளாகக் கைவிடப்பட்ட துண்டு என எல்லாம் அங்கே அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. நிலத்தை மனிதர் நடத்தும் விதம் மாறினால் மண்ணுக்குள் என்ன மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் அமைவது அரிது. இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்துவருகிறார்கள்.

ஆல்ப்ஸ் மலையில் ஜூன் மாதம் மாடுகள் மேலே ஏறும். செப்டம்பரில் பூச்சூடி, மணி ஒலிக்கக் கீழே இறங்கும். ஆஸ்திரியா, இத்தாலி, கிரீஸ் நாடுகளின் இந்தப் பருவகால மேய்ச்சல் வழக்கத்தை 2019இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்ததே தவிர, வழக்கம் தேய்ந்துகொண்டுதான் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இளைஞர்கள் நகர வேலைக்கும் சுற்றுலா விடுதிகளுக்கும் போனார்கள். எந்திரம் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகள்தான் முதலில் கைவிடப்பட்டன. அறுக்க எளிதான கீழ்நிலங்களில் நேர்மாறாக உரமும் சாணக்கரைசலும் கூடின, அறுவடைகளும் கூடின.

மாடு மேயும் நிலத்தின் மண்ணை முதலில் பார்ப்போம். சாணி விழுந்த இடத்தின் அடியில் சிவப்பு மண்புழு சேரும். லம்ப்ரிகஸ் ருபெல்லஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சாணியையும் மென்மையான புல், பூண்டு இலைகளையும் தின்று, அவற்றைக் கனிம மண்ணோடு குழைத்து எச்சமாகத் தள்ளும். இங்கிலாந்து வயல்களில் பல இடங்களில் ஆண்டுக்கு ஓர் ஏக்கரில் 10 டன்னுக்கு மேல் மண் இப்படிப் புழுக்களின் குடலைக் கடந்து வருகிறது என்று 1881இல் வெளிவந்த தன் கடைசி நூலில் டார்வின் கணக்கிட்டார். குளிர் மிகுந்த உயர்மலையில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேலை அதே வேலைதான். அதனால் உண்டாகும் மண் பொலபொலப்பாக இருக்கும். மட்கும் மண்ணும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாதபடி கலந்திருக்கும். மழைநீர் உள்ளே இறங்கும்.

மாடு வருவது நின்றதும் இந்தச் சங்கிலி அறுகிறது. மேயாத, அறுக்காத புல் நீண்டு வளர்ந்து அப்படியே சாய்ந்து மெத்தையாகப் படிகிறது. பிறகு ஹெதர் புதர்கள், காட்டு புளூபெர்ரி, துருச்சிவப்பு இலையடி கொண்ட ஆல்பைன் ரோஸ் எல்லாம் ஏறுகின்றன. பெயர்தான் ரோஸ், உண்மையில் இது ரோடோடெண்ட்ரான் இனம், நம் நீலகிரியில் சிவக்கப் பூக்கும் காட்டுப்பூவரசின் சொந்தம். இந்தப் புதர்களின் இலைகள் தடித்தவை. பீனால் சேர்மங்கள் மிகுந்தவை. எளிதில் மட்காது, மண்ணையும் புளிப்பாக்கும். சிவப்புப் புழுவுக்கு அந்த இலையும் பிடிக்காது, அந்தப் புளிப்பும் ஆகாது. எண்ணிக்கை சரிகிறது. டெண்ட்ரோபீனா போன்ற, புளிப்பைத் தாங்கும் சிறு புழுக்கள் மேலடுக்கில் ஒட்டிக்கொள்கின்றன.

அதனால் அந்த மண் செத்துவிட்டது என்று சொல்வது தவறு. கண்ணுக்கு எட்டாத சிலந்திப்பேன்கள், வால்பகுதியைத் தட்டித் துள்ளும் கொலம்போலாக்கள், நூலிழை போன்ற வெள்ளைப் புழுக்கள் முதலியவை அந்த மட்கில் பெருந்திரளாக வாழ்கின்றன. மரவட்டைகளும் சருகை அரைக்கின்றன. எனினும் இவற்றால் சருகைக் கீழே இழுத்துக் கனிம மண்ணோடு குழைக்க முடியாது. ஆகவே மட்கு மேலே தனிப் போர்வையாகத் தங்கிவிடுகிறது. டேனிஷ் வனவியலாளர் பி. இ. மியுல்லர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்த இருவகை மட்கையும் பிரித்துக் காட்டி, வேறுபாட்டுக்கு மண்ணுயிர்களின் செயலே முக்கியக் காரணம் என்றார்.

மேலே மட்கு குவிந்தால் கார்பன் சேமிப்புதானே, நல்லதுதானே என்று கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்துகளோடு பிணைந்த கார்பன் நீண்ட நாள் தங்கும்; சருகடுக்கில் கிடப்பது வெப்பமும் வறட்சியும் கூடும்போது எளிதில் கரையும். இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துப் பெருமைப்படக் கூடாது. செங்குத்துச் சரிவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாய்ந்து படுத்த நெடும்புல்லின் மேல் பனிப்படலம் வழுக்கி இறங்கும்போது புல்தரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. அந்த வெற்று மண்காயங்களை அங்குள்ளவர்கள் ‘பிளைக்கே’ என்கிறார்கள்.

எல்லாச் சரிவிலும் மாட்டை ஏற்றிவிட்டால் போதும் என்பதும் என் வாதமல்ல. அளவுக்கு மீறிய மந்தை குளம்பால் மண்ணை இறுக்கிவிடும். குடற்புழு நீக்க மாடுகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் சாணியோடு வெளியேறி, சாணவண்டுகளின் புழுப்பருவத்தையே கொல்கிறது. பனிச்சறுக்குத் தடத்துக்காகப் புல்டோசர் வைத்துச் சமன்செய்த நிலமோ இவை எல்லாவற்றையும்விட மோசம். அங்கே மண்ணின் அடுக்குகளே குலைந்துவிடுகின்றன. சரிவுக்கேற்ற எண்ணிக்கையில் மந்தை, கோடை மாதங்களில் மட்டும் மேய்ச்சல் என்ற பழைய ஒழுங்கைத்தான் காக்கச் சொல்கிறேன்.

அதற்கு இப்போது பணமும் கிடைக்கிறது. கோடையில் மாடுகளை மேலே கொண்டுபோகும் உழவர்களுக்கு ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் மானியம் தருகின்றன. கைவிட்ட சில இடங்களில் புதர் வெட்டி மந்தை மீண்டும் ஏறுகிறது. ஆனால் மந்தை ஒரு நாளில் ஏறிவிடும். மண்புழு அப்படி வராது. தானாகப் பரவும் மண்புழுக் கூட்டம், நல்ல மண்ணிலேயே ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர்தான் முன்னேறும். 500 மீட்டர் அகலச் சரிவில் புழு அடியோடு அற்றுப்போயிருந்தால், ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு அது வந்து சேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகும். இந்தக் காரணத்தால், முற்றாகப் புதர் மூடிய சரிவை மீட்பதைவிட, இன்னும் புழு மிச்சமிருக்கும் சரிவில் மேய்ச்சல் நின்றுவிடாமல் பார்ப்பதற்கே மானியம் முதலில் போய்ச்சேர வேண்டும்.

அடுத்த வாரம், எருமைகள் மேய்ந்த புல்வெளியில் சீகையும் கற்பூர மரமும் நட்ட நீலகிரிக்கு வருவோம்.