விமானிக்கு வேண்டிய இருவகைத் திறன்கள்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில், விமானியாக வேண்டும் என்னும் விருப்பத்தோடு நிற்கும் பிள்ளைகளையும், அதற்கான செலவைக் கணக்கிட்டு மலைக்கும் பெற்றோரையும் பல இல்லங்களில் காண்கிறோம். பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. ஆதலால் பணம் கட்டுவதற்கு முன்பே, அத்தொழில் ஒருவரிடம் எதிர்பார்க்கும் திறன்கள் எவை என்று அறிந்துகொள்வது நல்லது. விமானத்தை இயக்கத் தெரிவது அவற்றுள் ஒரு பாதியே. மறுபாதி, உடன் பணிபுரிபவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வதிலும், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதிலும் அடங்கியிருக்கிறது.

உரிமம் தரும் திறன்

நம் நாட்டில் வணிக விமானி உரிமத்தை வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். உரிமம் பெறுவதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று பெற வேண்டும். வான்வழிச் செலுத்தம், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிகள், விமானத் தொழில்நுட்பம் முதலிய பாடங்களில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. அவற்றில் தேர்ச்சி பெற 70 விழுக்காடு மதிப்பெண் தேவை.

உரிமம் கைக்கு வந்தவுடன் பயணியர் விமானத்தில் அமர்ந்துவிட முடியாது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித் தகுதி பெற வேண்டும். அதற்கான பயிற்சியின் பெரும்பகுதி சிமுலேட்டரில் நடைபெறுகிறது. புறப்படும் ஓட்டத்தின்போதே ஓர் எஞ்சின் செயலிழந்தால் என்ன செய்வது என்பது அங்கே மீண்டும் மீண்டும் பழக்கப்படும் பாடம். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒரு முடிவு வேகம் முன்கூட்டியே கணக்கிடப்படுகிறது. அந்த வேகத்தை எட்டுவதற்கு முன் எஞ்சின் பழுதானால் விமானத்தை நிறுத்திவிடலாம். கடந்த பின் பழுதானால், மேலே எழும்பிச் சென்று பிறகு தரையிறங்குவதே முறை. எது செய்வது என்று யோசிக்க அங்கே நேரம் இராது, பயிற்சியே கைகொடுக்கும்.

நினைவாற்றலை மட்டும் நம்பக்கூடாது என்பதும் விமானிகள் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. 1935 அக்டோபரில் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனை ஓட்டத்தில் விழுந்து நொறுங்கியது. தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதபடி வாலிலுள்ள இயக்கப் பரப்புகளைப் பூட்டி வைப்பது வழக்கம். அந்தப் பூட்டை விடுவிக்க, அனுபவம் மிக்க விமானிகளே மறந்திருந்தனர். இன்று ஒவ்வொரு விமானி அறையிலும் படிக்கப்படும் சரிபார்ப்புப் பட்டியல் அந்த விபத்திலிருந்து பிறந்ததே.

உயிர் காக்கும் திறன்

விமானம் பழுதின்றி இருந்தும், விமானிகள் கைதேர்ந்தவர்களாக இருந்தும் பேரழிவு நேர்ந்ததுண்டு. 1977 மார்ச் 27 அன்று, கேனரி தீவுகளில் உள்ள டெனெரீஃப் விமான நிலையத்தில் கடும் மூடுபனி நிலவியது. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானம், அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருதி ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் எதிரே பான் ஆம் நிறுவனத்தின் மற்றொரு 747 விமானம் வந்துகொண்டிருந்தது. அது ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கே.எல்.எம். விமானத்தின் பொறியாளர் ஐயத்துடன் வினவினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகப் பதிலளித்தார், ஓட்டம் நிற்கவில்லை. 583 பேர் உயிரிழந்தனர். வானொலி உரையாடலில் 'டேக் ஆஃப்' என்னும் சொல்லைப் புறப்பாட்டு அனுமதியை வழங்கவோ ரத்து செய்யவோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்னும் கட்டுப்பாடு அதன் பின்னர் வந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.8 விமானம் ஒன்று தரையிறங்கும் வேளையில் அதன் சக்கரங்களில் கோளாறு தென்பட்டது. தலைமை விமானி அதைச் சரிபார்ப்பதிலேயே ஆழ்ந்துவிட, விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டது. எரிபொருள் குறைந்துவருவதைச் சக பணியாளர்கள் அறிந்திருந்தனர். அதைக் குறிப்பிடவும் செய்தனர். ஆனால் தலைமை விமானியின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு உறுதியாகச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் மாண்டனர்.

இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து, 1979இல் நாசா ஒரு பயிலரங்கை நடத்தியது. விமானி அறையிலுள்ள அனைவரின் அறிவையும் ஒருங்கே பயன்படுத்தக் கற்பிக்கும் பயிற்சி அதிலிருந்து உருவாயிற்று. தலைமை விமானி பிறரைக் கேட்டு முடிவெடுக்கவும், இளையவர் தயங்காமல் எடுத்துரைக்கவும் அது பழக்குகிறது. யுனைடெட் நிறுவனம் 1981இல் இப்பயிற்சியைத் தொடங்கியது.

அதன் பலன் 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. அதே நிறுவனத்தின் டி.சி.10 விமானம் ஒன்றில் வால்பகுதி எஞ்சின் வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒருங்கே செயலிழந்தன. அந்நிலைக்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த, பயிற்சி அளிக்கும் விமானி ஒருவரை அறைக்குள் அழைத்து உதவி கேட்டார். நால்வரும் கலந்து பேசி, மீதமிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தை அயோவா மாநிலத்தின் சூ சிட்டி வரை கொண்டுவந்தனர். தரையிறங்குகையில் விமானம் உடைந்து தீப்பற்றியது. ஆயினும் 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். அதற்கு அந்தக் கூட்டுப் பயிற்சி பெரிதும் உதவியது என்று ஹெய்ன்ஸ் பின்னாளில் பல மேடைகளில் கூறினார்.

மங்களூரு உணர்த்துவது

இது வெளிநாட்டுக் கதை மட்டுமன்று. 2010 மே 22 அன்று, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் மாண்டனர். பிழைத்தவர் 8 பேர் மட்டுமே. தலைமை விமானி 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். வழியில் நெடுநேரம் அவர் உறங்கியிருந்ததையும், விமானம் உரியதைவிட மிக உயரத்தில் ஓடுபாதையை நெருங்கியதையும் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்பும்படி துணை விமானி மும்முறை கூறியும் தலைமை விமானி இறங்குவதைக் கைவிடவில்லை. ஓடுபாதையில் பாதிக்கும் மேற்பட்ட தூரத்தைக் கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

துணை விமானி சரியாகவே கணித்திருந்தார். வாய் திறந்து சொல்லவும் செய்தார். அச்சொல் ஏற்கப்படவில்லை. மூத்தவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று வளர்ந்த நம் சமூகத்தில், இளையவர் துணிந்து சொல்வது எத்துணை அரிதோ, மூத்தவர் அதை மதித்துக் கேட்பதும் அத்துணை அரிது. விமானி அறையில் இவ்விரண்டும் பண்பாகப் பாராட்டப்படுவதோடு நிற்பதில்லை. தொழில்திறனாகக் கற்பிக்கப்பட்டுச் சோதிக்கவும் படுகின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013இல் வெளியிட்ட கையேடு ஒன்று விமானிக்குரிய அடிப்படைத் திறன்களாக எட்டினை வகுத்தது. நடைமுறைகளைப் பின்பற்றல், தானியங்கிக் கருவிகளைக் கொண்டு விமானத்தைச் செலுத்தல், கையால் செலுத்தல் ஆகிய மூன்றும் தொழில்நுட்பம் சார்ந்தவை. தகவல் தொடர்பு, தலைமையும் கூட்டுழைப்பும், சிக்கலைத் தீர்த்து முடிவெடுத்தல், சூழலை உணர்தல், வேலைச்சுமையைப் பகிர்ந்தாளுதல் ஆகிய ஐந்தும் மனிதப் பண்பு சார்ந்தவை.

பெற்றோரும் பிள்ளைகளும் கருத வேண்டியவை

கட்டணம் செலுத்துமுன் மருத்துவப் பரிசோதனைகளை முடித்துவிடுவது முதற்கடமை. உடல்தகுதி இல்லை என்று பின்னர் தெரியவந்தால், செலவிட்ட பணத்தோடு பிள்ளையின் நம்பிக்கையும் சிதையும். சேரவிருக்கும் பயிற்சிப் பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உண்டா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதும் அது கேட்கப்படும். ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசவும் பழக வேண்டும். பன்னாட்டு வான்வழிகளில் பறக்க, ஆறு படிகள் கொண்ட ஆங்கிலத் தேர்ச்சி அளவுகோலில் நான்காம் படியையேனும் எட்டியிருப்பது கட்டாயம்.

இயற்பியலையும் கணிதத்தையும் பயிற்சி வகுப்புகளில் கற்றுவிடலாம். தவறு கண்டவிடத்து மரியாதை குறையாமல் அதைச் சுட்டிக்காட்டும் துணிவும், தன் தவறைப் பிறர் சுட்டும்போது சினவாமல் ஏற்கும் மனமும் சிறு வயதிலிருந்தே வளர வேண்டியவை. வீட்டில் பிள்ளை ஒரு கருத்தை மறுத்துப் பேசும்போது, அதை முழுதும் கேட்ட பிறகு பதில் சொல்வோம். விமானியாகப் போகும் பிள்ளைக்கு நாம் தரும் முதற்பயிற்சி அதுவே; அதற்குக் கட்டணமும் இல்லை.